பிரம்மபுத்திராவில் ஒரு வாரம்: கப்பலா, காரா?

ஒருவர் கேட்ட கேள்வி இதுதான். எழுபதை நெருங்கும் அப்பா அம்மா, பத்து வயதுப் பையன், கையில் எட்டு நாள் விடுப்பு. காண்டாமிருகம் பார்க்க வேண்டும், ஆற்றங்கரைக் கிராமங்களைப் பார்க்க வேண்டும், அஸ்ஸாமின் ஆட்டம், பாட்டு, நெசவு எல்லாம் பார்க்க வேண்டும், ஆனால் ஓட்டம் மட்டும் கூடாது. பிரம்மபுத்திராவில் கப்பல் பயணம் இதற்குச் சரிப்படுமா, இல்லை கார் வைத்துக்கொண்டு சுற்றிவிடலாமா? அம்மாவுக்கு முட்டிவலி வேறு, பையன் சலித்துப்போவானோ என்ற கவலையும் உண்டு.

தாராளமாகக் கப்பலில் போங்கள். ஆனால் காண்டாமிருகத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு கப்பலுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். காண்டாமிருகக் காடான காசிரங்காவுக்கு ஆற்று வழியாகப் போனாலும் கடைசியில் ஜீப்பில்தான் ஏற வேண்டும். கப்பல் சில்காட் பக்கம் கட்டி நிற்கும். அங்கிருந்து சாலை வழியாகப் போய், காட்டுக்குள் ஒரு சுற்று, மிஞ்சினால் இரண்டு சுற்று, பொழுது சாய்வதற்குள் கப்பலுக்குத் திரும்பிவிட வேண்டும். அதே காசிரங்காவுக்கு குவாஹாத்தியிலிருந்து காரில் நாலைந்து மணி நேரம். காட்டை ஒட்டிய கோஹராவில் இரண்டு ராத்திரி தங்கினால் சாவகாசமாக மூன்று நாலு சுற்று போய்வரலாம். விலங்குதான் முக்கியம் என்றால் கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. நான் இரண்டு முறை கப்பலிலும் மூன்று முறை சாலை வழியாகவும் போயிருக்கிறேன். மறுபடி போகச் சொன்னால் கப்பலைத்தான் கேட்பேன். அதற்குக் காரணம் காடு இல்லை, ஆறு.

இந்த ஆற்றைக் காவிரியையோ கோதாவரியையோ மனதில் வைத்து யோசித்தால் பிடிபடாது. திபெத்தில் சாங்போ என்ற பெயரில் கிழக்கே ஓடி, இமயமலையின் கோடியில் சட்டென்று தெற்கே திரும்பி, அருணாசலத்தில் சியாங் ஆகி, சமவெளியில் லோஹித்தையும் திபாங்கையும் சேர்த்துக்கொண்ட பிறகுதான் இது பிரம்மபுத்திரா. அஸ்ஸாமியர் பிரியமாக ‘லுயித்’ என்பார்கள், ‘புரா லுயித்’ என்றும் சொல்வார்கள், அதாவது கிழட்டு லுயித். மற்ற ஆறுகள் பெரும்பாலும் பெண், இது பிரம்மாவின் மகன், ஆகவே ஆண். வெள்ளக்காலத்தில் கரைக்குக் கரை பத்து கிலோமீட்டரைத் தாண்டும் இடங்கள் உண்டு. குளிர்காலத்தில் அதே அகலத்துக்குள் ஆறு பத்துப் பன்னிரண்டு ஓடைகளாகப் பிரிந்து, நடுவில் வெள்ளை மணல் திட்டுகளை விட்டுவிட்டு ஓடும். அந்தத் திட்டுகளைச் சாபோரி என்கிறார்கள். இந்த வருஷம் இருக்கும் சாபோரி அடுத்த வருஷம் அதே இடத்தில் இருக்கும் என்று எவரும் சொல்ல முடியாது.

1950 ஆகஸ்ட் 15 அன்று வந்த 8.6 அளவு நிலநடுக்கத்தில் மலைகளே சரிந்து ஆற்றில் விழுந்தன. வந்து இறங்கிய மண்ணில் ஆற்றின் படுகையே உயர்ந்துபோனது. அதற்குப் பின் கரை அரிப்பு பல மடங்கானது என்று அங்குள்ள பெரியவர்கள் இன்றும் அந்தத் தேதியை வைத்துத்தான் கதை தொடங்குவார்கள்.

இப்படிப்பட்ட ஆற்றில் கப்பல் எப்படிப் போகிறது? நான் முதல் பயணத்தில் விலங்கையும் பறவையையும் விட அதிக நேரம் பார்த்தது இதைத்தான். கப்பலின் முனையில் ஓர் ஆள் நிற்பார். கையில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட நீள மூங்கில் கழி. ஆழம் குறைகிற இடம் வந்ததும் கழியைத் தண்ணீரில் குத்தி எடுப்பார், அளவைக் கூவுவார், மறுபடி குத்துவார். மேலே சக்கரத்தைப் பிடித்திருப்பவர் காதை மட்டும் அந்தப் பக்கம் கொடுத்துக்கொண்டு கண்ணைத் தண்ணீரின் மேல் வைத்திருப்பார். தண்ணீர் வழவழவென்று எண்ணெய் போல ஓடினால் ஆழம். சிறு சிறு சுருக்கமாக நடுங்கினால் அடியில் மணல். கரை செங்குத்தாக அறுத்துக்கொண்டு நிற்கிற பக்கம் ஆழம் அதிகம், கரை சரிவாக இறங்கும் பக்கம் அவரும் இறங்க மாட்டார். வழிகாட்ட ஆங்காங்கே மூங்கில் நட்டு வைத்திருப்பார்கள். ஆனால் நட்ட மறுவாரமே ஓடை இடம் மாறிவிட்டால் மூங்கில் மட்டும் தனியாக நிற்கும். சக்கரம் பிடிப்பவரை அங்கே ‘சுக்கானி’ என்றார்கள், மூத்தவரை ‘சாரங்’ என்றார்கள். நம் துறைமுகங்களில் புழங்கும் சுக்கானும் சாரங்கும்தான். அரபி, பாரசீகக் கப்பல்காரர்கள் விட்டுப்போன சொற்கள் தூத்துக்குடியிலும் இருக்கின்றன, திப்ருகரிலும் இருக்கின்றன.

இந்தத் தொழிலுக்கு அங்கே வயது அதிகம். 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்தே கல்கத்தாவிலிருந்து நீராவிப் படகுகள் அஸ்ஸாமுக்கு வந்துகொண்டிருந்தன. தேயிலை கீழே போனது, தோட்டத்துக்கான ஆட்களும் சாமான்களும் மேலே வந்தன. 1965 போரோடு கிழக்குப் பாகிஸ்தான் வழி அடைபட்டு அந்தப் போக்குவரத்து நின்றது. 1988இல் சதியாவிலிருந்து துப்ரி வரை 891 கிலோமீட்டரை தேசிய நீர்வழி 2 என்று அறிவித்தார்கள். சுற்றுலாக் கப்பல்கள் ஓடத் தொடங்கியது இந்த நூற்றாண்டில்தான். 2023 ஜனவரியில் வாரணாசியில் புறப்பட்டு வங்கதேசம் வழியாக 51 நாள், ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் வந்து திப்ருகரில் முடிந்த கங்கா விலாஸ் கப்பலைப் பற்றிப் படித்திருப்பீர்கள். அது உங்களுக்கு வேண்டாம். பிரம்மபுத்திராவிலேயே ஓடும் சிறிய கப்பல்கள் போதும். ஒரு டஜன் அறை முதல் இருபது சொச்சம் அறை வரை உள்ளவை உண்டு. நான் சிறியதைத்தான் சொல்வேன். சின்னக் கப்பல் என்றால் குறைந்த தண்ணீரிலும் உள்ளே நுழையும், கிராமத்தில் இறங்கும்போதும் நாற்பது பேர் திருவிழாக் கூட்டம் போல ஒரு வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டாம்.

இன்னொன்றையும் முன்கூட்டியே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். கப்பல்காரர்கள் தரும் பயண அட்டவணையை ஆறு படித்ததில்லை. என் இரண்டாவது பயணத்தில், அது ஜனவரிக் கடைசி, காலை ஒன்பது மணிக்கு ‘சர்ர்ர்’ என்று ஒரு சத்தம், மேஜை மேலிருந்த டம்ளர்கள் லேசாக நகர்ந்தன, அவ்வளவுதான். கப்பல் தரைதட்டிவிட்டது. முன்னே தள்ளினார்கள், பின்னே இழுத்தார்கள், நங்கூரத்தைச் சிறு படகில் தூரமாகக் கொண்டுபோய்ப் போட்டு அதைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். மதியம் மூன்று மணிக்குத்தான் கப்பல் அசைந்தது. அன்றைக்குப் போக வேண்டிய ஒரு கோயிலும் ஒரு தேயிலைத் தோட்டமும் போச்சு. சிலர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். எனக்கு மட்டும் அந்த ஆறு மணி நேரம்தான் அந்த வாரத்திலேயே நன்றாக நினைவிருக்கிறது. எஞ்சின் நின்றுவிட்டதால் முதல் தடவையாக ஆற்றின் சத்தம் கேட்டது. அரை மணிக்கொரு தரம் எங்கோ தொலைவில் கரை இடிந்து தண்ணீரில் விழும். முதலில் வெடிச்சத்தம் என்று நினைத்தேன்.

அந்த அமைதியில்தான் ஓங்கிலையும், அதாவது டால்பினையும் பார்த்தேன். ஆற்று டால்பினை அங்கே ‘சிஹு’ என்பார்கள். கடல் டால்பின் போலத் துள்ளிக் காட்டும் என்று பையனிடம் ஆசை காட்டிவிடாதீர்கள், ஏமாந்துபோவான். இது மூச்சு வாங்க ஒரு கணம் மேலே வரும். நீண்ட மூக்கு, பழுப்பு முதுகு, ஒரு ‘புஸ்’, முடிந்தது. கண்ணில் லென்ஸே கிடையாது, ஏறக்குறையக் குருடு. கலங்கல் தண்ணீரில் கண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்ய? ஒலியை அனுப்பி எதிரொலி கேட்டே வேட்டையாடுகிறது. 2025இல் வெளியான நாடு தழுவிய கணக்கெடுப்பில் அஸ்ஸாமில் 635 என்று எண்ணியிருக்கிறார்கள். இத்தனை பெரிய ஆற்றுக்கு இது சொற்பம்தான். இருந்தும் பார்த்துவிடலாம், இடம் தெரிந்தால் போதும். கிளையாறு வந்து கலக்கும் முகத்துவாரங்களில் தண்ணீர் சுழலும், மீன் சேரும், டால்பினும் அங்கேதான் சுற்றும். கப்பலில் வழிகாட்டியிடம் ‘அடுத்த சங்கமம் எப்போது வரும்’ என்று கேட்டு வைத்துக்கொண்டு, அந்த நேரத்தில் காபியோடு மேல்தளத்தில் உட்கார்ந்துவிடுங்கள். கேமராவைக் கையில் எடுக்காதீர்கள். எடுப்பதற்குள் அது போய்விட்டிருக்கும், உங்களிடம் வட்ட அலையின் படம் முப்பது இருக்கும்.

பறவைகளுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை மணல் திட்டுகள் நிறைய வாத்துகள். இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து உண்டு. செம்மஞ்சள் நிறத்தில் சோடி சோடியாக நிற்பது சக்கரவாகம். ராத்திரியானால் ஆற்றின் இரு கரைகளில் பிரிந்திருந்து ஒன்றை ஒன்று கூப்பிட்டுப் புலம்பும் என்று பழைய கவிகள் பாடிய அதே பறவை. கப்பல் கட்டி நின்ற ராத்திரிகளில் அந்தக் குரல் கேட்டது. பிரிவோ என்னவோ, கவிகளுக்குக் காது நன்றாக இருந்திருக்கிறது. ஆள் உயர நாரை ஒன்று குப்பைமேட்டிலோ வயலிலோ வழுக்கைத் தலையோடு நின்றால் அது ஹர்கிலா. அபசகுனம் என்று கூடு கட்டிய மரத்தையே வெட்டிக்கொண்டிருந்த காலம் போய், காம்ரூப் மாவட்டத்துக் கிராமத்துப் பெண்கள் அதற்கு வளைகாப்பு நடத்தும் அளவுக்கு வந்திருக்கிறார்கள். பூர்ணிமா தேவி பர்மன் என்ற உயிரியலாளர் தொடங்கிய வேலை அது. தறிகளில் ஹர்கிலா உருவம் நெய்த துணியும் கிடைக்கும்.

காசிரங்காவை அதிகம் விவரிக்கப் போவதில்லை, அதைப் பற்றி எங்கும் படிக்கலாம். 2022 கணக்கெடுப்பில் 2,613 காண்டாமிருகங்கள். உலகத்தில் இருக்கும் ஒற்றைக்கொம்பு காண்டாமிருகங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இந்த ஓர் இடத்தில். ஆகவே பார்க்காமல் திரும்புவது கடினம். சாணம் போட ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வரும், அந்த மேடுகளை ஜீப் ஓட்டுநர்கள் காட்டுவார்கள். பையனுக்கு வேறெதையும் விட அதுதான் பிடிக்கும். யானைச் சவாரியைத் தவிர்த்துவிடுங்கள் என்பது என் அபிப்பிராயம். அம்மாவின் முட்டிக்கும் அது ஆகாது. கூட்டம் வேண்டாமென்றால் காட்டின் நடுப்பகுதியான கோஹராவை விடக் கிழக்கே அகரதோலியைக் கேளுங்கள், நீர்நிலையும் பறவையும் அங்கே அதிகம்.

ஒன்று மட்டும் ஆற்றோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் மழைக்காலத்தில் பிரம்மபுத்திரா காட்டுக்குள் புகுந்துவிடும். விலங்குகள் நெடுஞ்சாலையைக் கடந்து தெற்கே கர்பி மலைக்கு ஏறும். அப்போது வண்டிகளில் அடிபடும், முழுகியும் சாகும். ஆனால் அந்த வெள்ளம் வராவிட்டால் ஏரிகள் தூர்ந்துபோகும், புல்வெளி மரக்காடாகிவிடும், காண்டாமிருகத்துக்கு அங்கே தின்ன எதுவும் இருக்காது. காட்டைக் கெடுப்பதும் அதே ஆறு, காட்டை உண்டாக்கியதும் அதே ஆறு. கப்பலில் போகும்போது வடக்குப் பக்கத்திலிருந்து காட்டின் அந்த விளிம்பைப் பார்க்கலாம். ஆனைப்புல்லும் மணலும் தண்ணீரும் எங்கே பிரிகின்றன என்று தெரியாது. சில சமயம் யானைக் கூட்டமே திட்டில் நிற்கும். ஜீப்பில் போகிறவர்களுக்கு இந்தக் காட்சி கிடைக்காது.

மாஜுலிக்கு மட்டும் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். பல கப்பல்கள் அரை நாள் கொடுப்பார்கள். ஒரு முழு நாளாவது கொடுக்கும் பயணமாகப் பார்த்து எடுங்கள். ஆற்று நடுவே 352 சதுர கிலோமீட்டர் தீவு இது. 2016இல் கின்னஸ் இதை உலகின் மிகப்பெரிய ஆற்றுத்தீவு என்று பதிவு செய்தது. அதே ஆண்டு தனி மாவட்டமும் ஆனது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதன் பரப்பு ஆயிரத்துக்கும் மேல். மீதி ஆற்றோடு போய்விட்டது. கரையோரக் கிராமங்களில் ‘எங்கள் வீடு அதோ அங்கே இருந்தது’ என்று கையை நீட்டுவார்கள். நீட்டின இடத்தில் தண்ணீர்தான் இருக்கும்.

அஸ்ஸாமில் வைணவ பக்தியைப் பரப்பிய ஸ்ரீமந்த சங்கரதேவரும் (1449–1568) அவர் சீடர் மாதவதேவரும் முதன்முதலாகச் சந்தித்ததும் இங்கேதான். அவர்கள் வழி வந்த வைணவ மடங்களைச் ‘சத்ரா’ என்பார்கள். நடுவில் நாம்கர் என்னும் நீண்ட பிரார்த்தனைக் கூடம். உள்ளே போனால் நம் கண் தானாக மூலவரைத் தேடும், ஆனால் அங்கே பீடத்தில் பெரும்பாலும் இருப்பது விக்கிரகம் கிடையாது, பாகவத ஏடு. சுற்றிலும் வரிசையாகப் பக்தர்கள் தங்கும் அறைகள். உத்தர் கமலாபாரி, அவுனியாட்டி போன்ற சத்ராக்களில் பிரம்மச்சாரிகள் இருக்கிறார்கள். நாலைந்து வயதிலேயே சிறுவர்களைக் கொண்டுவந்து மூத்த பக்தர் ஒருவரிடம் விடுவார்கள். அவர் சமைத்துப் போட்டு, படிக்க வைத்து, மத்தளமும் ஆட்டமும் சொல்லிக்கொடுத்து வளர்ப்பார். சாயங்காலம் போனால் வெள்ளை வேட்டி, வெள்ளைத் தலைப்பாகையோடு பத்திருபது பேர் கோல் என்னும் மத்தளமும் பெரிய தாளமும் வைத்துக்கொண்டு ‘காயன் பாயன்’ தொடங்குவார்கள். முதல் பத்து நிமிஷம் ஒன்றும் நடக்காதது போலத்தான் இருக்கும். காலை மடக்கி எழுவதும் உட்காருவதுமாக மெதுவாகப் போய், தாளம் ஏறி ஏறி, கடைசியில் தரை அதிரும். இந்த மடத்து ஆட்டம்தான் சத்ரியா. 2000ஆம் ஆண்டில் சங்கீத நாடக அகாதெமி இதைச் செவ்வியல் நடனங்களில் சேர்த்தது. கப்பல் தளத்தில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் ஒரு பிஹு ஆட்டம் போடுவார்கள், அதையும் ரசியுங்கள், பிள்ளைகள் நன்றாகவே ஆடுவார்கள். ஆனால் அதைப் பார்த்துவிட்டு அஸ்ஸாமின் கலையைப் பார்த்தாயிற்று என்று கணக்கு முடித்துவிடாதீர்கள்.

சாமகுரி சத்ராவில் முகமூடி செய்கிறார்கள். இராவணன், பூதனை, நரசிம்மம் என்று புராண நாடகமான ‘பாவனா’வுக்கு வேண்டியவை. மூங்கிலை ஈர்க்காகக் கிழித்துக் கூடை போலப் பின்னி முகத்தின் வடிவம் கொண்டுவருவார்கள். குயவர் மண்ணைக் கரைத்து அதில் தோய்த்த துணியை அதன் மேல் ஒட்டிக் காயவைப்பார்கள். பிறகு மண்ணையும் மாட்டுச் சாணத்தையும் பிசைந்து மூக்கு, புருவம், கன்னம் ஏற்றுவார்கள். மூங்கில் சீவுளியால் தேய்த்து வழவழப்பாக்கி வண்ணம் பூசுவார்கள். ஒரு பெரியவர் இராவணன் முகமூடியை என் தலையில் மாட்டிவிட்டார். தலையணை அளவு கனம் இருக்கும் என்று நினைத்தேன், காலிக் கூடை போல லேசு. ராத்திரி முழுக்க ஆட வேண்டுமே, அதற்குத்தான் மூங்கில் என்றார். தாடை அசையும் முகமூடிகளும் உண்டு, அவற்றைப் போட்டுக்கொண்டு வசனமே பேசலாம். இந்த முகமூடிகளுக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சின்னதாக ஒன்று வாங்கினால் கைப்பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

தீவின் இன்னொரு பாதி மிசிங் மக்களுடையது. அருணாசல மலைகளிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் இறங்கி வந்தவர்கள், சூரியனையும் சந்திரனையும் கும்பிடுகிறவர்கள். வீடு மூங்கில் கால்களின் மேல் நிற்கும், ‘சாங் கர்’ என்பார்கள். வெள்ளம் வந்தால் கீழே போகட்டும், நாம் மேலே இருப்போம் என்ற ஏற்பாடு. வெள்ளம் இல்லாத நாளில் அந்தக் கீழிடம் பன்றிக்கும் கோழிக்கும் தறிக்கும். தறி இல்லாத வீட்டை நான் பார்க்கவில்லை. துணி பிடித்திருந்தால் நெய்தவரிடமே வாங்குங்கள், விலையைப் பிடித்து இழுக்காதீர்கள். உள்ளே கூப்பிட்டு ‘அபோங்’ என்னும் அரிசிக் கள் கொடுத்தால், குடிக்கிற பழக்கம் இருந்தால் குடியுங்கள், இல்லாவிட்டால் கும்பிட்டுச் சொல்லுங்கள், யாரும் தப்பாக நினைக்கப் போவதில்லை. குழந்தைகளுக்கு மிட்டாயும் பத்து ரூபாயும் நீட்டும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அடுத்த கப்பல் வரும்போது பள்ளிக்கூடம் போகாமல் கரையில் நிற்பார்கள்.

சால்மோரா கிராமத்துக்கும் கூட்டிப்போகச் சொல்லுங்கள். அங்கே பெண்கள் சக்கரமே இல்லாமல் கையாலேயே தட்டித் தட்டிப் பானை வனைகிறார்கள். அதைப் படகில் ஏற்றிக்கொண்டு ஆற்றோரமாகப் போய், காசுக்குப் பதில் நெல் வாங்கி வருவது பழைய வழக்கம். காலையில் ‘கோமல் சாவுல்’ கிடைத்தால் விடாதீர்கள். அடுப்பே வேண்டாத அரிசி, தண்ணீரில் ஊறினாலே சோறு. எருமைத் தயிரும் வெல்லமும் போட்டுச் சாப்பிட்டால் அப்பா ஊருக்கு ஒரு மூட்டை கட்டச் சொல்வார்.

சிவசாகர் ஒரு நாள் பயணமாகச் சில கப்பல்களில் உண்டு. 1228 முதல் ஏறக்குறைய அறுநூறு ஆண்டு ஆண்ட அஹோம் அரசர்களின் தலைநகர்ப் பகுதி. ரங்கர் என்ற இரண்டடுக்கு மண்டபத்தில் உட்கார்ந்து அரசர் விளையாட்டுகளைப் பார்ப்பாராம். அதன் கூரை கவிழ்த்துப் போட்ட படகு மாதிரியே இருக்கும், அது மட்டும் எனக்குப் பிடித்தது. சராய்தேவில் உள்ள அரசர் சமாதி மேடுகளை 2024இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பெரியவர்களுக்கு நடை அதிகம், விட்டுவிட்டாலும் குற்றமில்லை.

எப்போது போவது? பிப்ரவரிக் கடைசி முதல் மார்ச் நடு வரை என்பது என் தேர்வு. டிசம்பர், ஜனவரியில் காலைப் பனிமூட்டம் ஒன்பது பத்து மணி வரை கூட நிற்கும், கப்பல் நகராது. சூரியன் நாலரைக்கே இறங்கிவிடும். தேயிலைத் தோட்டங்களில் கடிகாரத்தையே ஒரு மணி நேரம் முன்னால் வைத்துக்கொள்ளும் வழக்கம் அதனால்தான் வந்தது. பிப்ரவரிக்குள் காசிரங்காவில் உயரப் புல்லை எரித்திருப்பார்கள், விலங்கு கண்ணில் படும். பிப்ரவரி நடுவில் மிசிங் மக்களின் விதைப்புத் திருநாளான அலி ஆயே லிகாங் வரும். வாத்துகள்தான் வேண்டும் என்றால் ஜனவரி, கிருஷ்ண லீலையை ஆடும் மாஜுலியின் ராஸ் விழா வேண்டும் என்றால் நவம்பர் பௌர்ணமி. மே முதல் அக்டோபர் வரை யோசிக்கவே வேண்டாம், காடும் பெரும்பாலான நாள் மூடியிருக்கும், ஆறும் யார் பேச்சையும் கேட்காது.

ஏறும் இடம் ஜோர்ஹாட் பக்கம் நிமாதிகாட், இறங்கும் இடம் குவாஹாத்தி என்று இருந்தால் நல்லது. நீரோட்டத்தோடு வருவதால் ஓடும் நேரம் குறையும், கரையில் நேரம் கூடும். எதிர்த்து ஏறும் பயணத்தில் எஞ்சின் நாள் முழுக்க முக்கும். திரும்பும் விமானத்தை இறங்கும் அன்றைக்கே போடாதீர்கள், தரைதட்டினால் என்னாகும் என்று மேலே சொல்லிவிட்டேன். அஸ்ஸாமுக்கு இந்தியருக்கு அனுமதிச்சீட்டு எதுவும் வேண்டாம். கையில் ரொக்கம் கொஞ்சம் இருக்கட்டும்.

அம்மாவின் முட்டிக்கு வருகிறேன், ஏனென்றால் விளம்பரப் படங்களில் இது இருக்காது. வழியில் நிற்கும் இடங்களில் பெரும்பாலும் படித்துறை கிடையாது. கப்பலை மணல் கரையில் முட்டி நிறுத்தி, முளை அடித்துக் கட்டுவார்கள். ஆட்கள் மண்வெட்டியோடு குதித்து, செங்குத்தான கரையில் படி வெட்டி, பலகை போட்டு, பிடித்துக்கொள்ள மூங்கில் கட்டுவார்கள். பத்து நிமிஷ வேலைதான், பார்க்கவும் அழகுதான். ஆனால் ஒவ்வொரு படியும் முக்கால் அடி, ஏறும்போது மணல் சரியும். இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடிப்பார்கள். எந்தெந்த இடத்தில் இப்படி இறங்க வேண்டும் என்று முன்பதிவுக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கீழ்த்தளத்தில் அறை கேளுங்கள். இறங்க முடியாத நாளில் மேல்தளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாலும் அம்மாவுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை, எருமைப் பட்டி போட்டிருக்கும் சாபோரிகளும் பால் கேன் ஏற்றிப் போகும் படகுகளும் தாமாகவே எதிரே வரும்.

செலவு கட்டுபடியாகாது என்று தோன்றினால் வெட்கப்பட ஒன்றுமில்லை, நானே மூன்று முறை மாற்று வழியில் போனவன். காசிரங்காவில் இரண்டு ராத்திரி, அங்கிருந்து ஜோர்ஹாட், நிமாதிகாட்டில் பொதுப்படகு ஏறி மாஜுலி, அங்கே மூங்கில் குடில் விடுதியில் மூன்று ராத்திரி. படகில் மோட்டார் சைக்கிள், ஆடு, காய்கறி மூட்டை, கல்யாண கோஷ்டி எல்லாரோடும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆற்றில் போகலாம். உயிர்காப்பு உடை போட்டுக்கொண்டுதான் உட்கார வேண்டும். 2021 செப்டம்பரில் அதே துறைக்கு அருகே இரண்டு படகுகள் மோதிக்கொண்டது யாருக்கும் மறக்கவில்லை. மாஜுலிக்கான பாலத்துக்கும் அந்த ஆண்டுதான் அடிக்கல் நாட்டினார்கள். ஒரு மாலை சிறு படகை வாடகைக்குப் பேசி டால்பின் பார்க்கவும் போய்வரலாம்.

பையன் சலித்துப்போவானா என்று கேட்டிருந்தீர்கள். என் அக்கா மகனுக்கும் அப்போது பத்து வயது. முதல் நாள் சாயங்காலமே சிக்னல் இல்லை என்று முணுமுணுத்தான். இரண்டாம் நாள் முனையில் கழி பிடித்து நின்றவரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். நாலாம் நாள் அவர் கழியை இவன் கையில் கொடுத்துவிட்டார். இவனும் குத்தி எடுத்து, ஈரப் பட்டையை எண்ணி, அஸ்ஸாமியில் அளவைக் கூவினான். மேலே சுக்கானி சிரித்துக்கொண்டே சக்கரத்தை ஒரு பிடி திருப்பினார். எங்களுக்காகத் திருப்பினாரா, ஆழத்துக்காகத் திருப்பினாரா என்று அவனிடம் இன்றுவரை யாரும் கேட்கவில்லை.